பச்சை நைலோன் நூல் கட்டிய திறப்பு

மாமா, நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்கு வெட்கமான இடங்களையும் விடமாட்டேன்.

சாப்பாட்டு மேசையில், என் விஞ்ஞானப் புத்தகத்துக்குப் பக்கத்தில் உங்கள் திறப்பு கிடக்கிறது. வலை பொத்துகிற பச்சை நைலோன் நூலை அதில் கட்டியிருந்தீர்கள். அந்த நூலில் உங்கள் ஓட்டோவின் மணம் இன்னும் இருக்கிறது, பெற்றோலும் இஞ்சி இனிப்பும் கலந்த மணம். போன கிழமை முழுக்க நாங்கள் மூன்று பேரும் அதை நகர்த்தாமல், அதைச் சுற்றியே கோப்பை வைத்துச் சாப்பிட்டோம்.

அது திறக்கிற அறையைக் கண்டுபிடித்தது நான்தான். குடிவெறியில் வள்ளத்து எஞ்சினுக்குள் கையை விட்டு அப்பா காயப்பட்ட நாள், கிளினிக் வாங்கில் இருந்தபடி சுவரில் இருந்த எல்லாவற்றையும் வாசித்தேன். நுளம்பு, நீரிழிவு, தடுப்பூசி. அவற்றுக்குக் கீழே ஒரு சின்னத் துண்டு: குடியை விட விரும்புகிறவர்கள் சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு வரலாம். அதில் இருந்த நம்பருக்கு அம்மாவின் போனில் எடுத்தேன். ஓட்டோ இரைச்சலோடு, அதுவரை நான் அறியாத நீங்கள் பேசினீர்கள்.

"அப்பாவை எப்படிக் கூட்டிக்கொண்டு வாறது?" என்றேன்.

"இழுத்துக்கொண்டு வராதேங்கோ பிள்ளை. இடத்தை மட்டும் சொல்லிவிடுங்கோ. வந்தா வரட்டும்."

அப்பா ஐந்தாவது சனிக்கிழமைதான் வந்தார். அன்புவழிபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது என்னையும் துணைக்குக் கூட்டிவந்தார். துறைமுக வீதித் தேவாலயத்தின் பின்னால், ஞாயிறு பாடசாலை அறை. அங்கே பெரிய ஆம்பிளைகள் சிறுபிள்ளைகளின் கதிரைகளில், முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்தார்கள்.

"இதென்ன நேர்சறியோ?" என்று அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஓம், இஞ்ச எல்லாரும் அரிவரிதான். வந்து இரும்," என்றீர்கள் நீங்கள்.

குடியை விட்டு ஆகக் குறைந்த நாள் ஆனவர்தான் அங்கே தேத்தண்ணி ஊற்ற வேண்டும். அப்பா ஏழு கிழமை ஊற்றினார். பிறகு புதிதாக ஒருவர் வந்து கேத்திலை வாங்கிக்கொண்டபோது, மாணவத் தலைவர் சின்னம் கிடைத்த பிள்ளையைப் போல வீட்டுக்கு வந்தார்.

நான் வெளிப்படியில் இருந்து படிப்பேன். உள்ளே பேசுவது ஜன்னலால் கேட்கும். ஒருநாள் கேட்டதை எல்லாம் கொப்பியில் எழுதினேன். நீங்கள் வெளியே வந்து இரண்டு வரி வாசித்தீர்கள். ஏசவில்லை.

"இது அவங்கட சாமான் பிள்ளை. நீங்கள் உங்கட சாமானை எழுதுங்கோ."

தாளைக் கிழித்தேன். எங்கே போடுவது என்று பார்ப்பதற்குள் எங்கள் வீதிகளில் மாடுகளைப் போலத் திரிகிற மான்களில், வாழைப்பழத் தோல் தேடி வந்த ஒன்று அதை என் கையிலிருந்து இழுத்துத் தின்றுவிட்டது. "பாத்தியளோ, ரகசியம் காக்க இவரை விட்டா ஆள் இல்லை," என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். ஆகவே உள்ளே கேட்ட எதையும் இதில் எழுதவில்லை. இனி வருவது என் சாமான்.

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. உங்கள் செத்தவீட்டில் குழாயடியில் நான் கிளாஸ் கழுவிக்கொண்டு நின்றேன். கந்தளாயிலிருந்து வந்திருந்த உங்கள் தம்பி, பந்தல் போட்ட ஆட்களுக்கென்று வீட்டின் பின்பக்கம் சாராயப் போத்தல் கொண்டுவந்தார். எல்லாச் செத்தவீட்டிலும் கொடுப்பதுதான். சனிக்கிழமைகளில் நீங்கள் எங்கே போனீர்கள் என்று அவருக்குத் தெரியாது.

"அண்ணையின்ர கூட்டாளிதானே, பிடியும். அவருக்காக ஒண்டு."

அப்பா கிளாஸை வாங்கி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தண்ணீரை நிறுத்தவில்லை. கூப்பிடவும் இல்லை. அவர் குடித்தார், மாமா. குடித்துவிட்டுத் திரும்பியபோதுதான் என்னைக் கண்டார். "அம்மாட்டச் சொல்லாதை," என்றார்.

அரை மணித்தியாலம் போகவில்லை, உங்கள் மனைவி அப்பாவைத் தேடி வந்து திறப்பைக் கையில் வைத்தார். "இனி நீங்கள் திறவுங்கோ தம்பி. உங்களில அவருக்கு நல்ல நம்பிக்கை." அப்பா வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

அந்தக் கிழமை நான் களைத்துப் போனேன். பள்ளிக்கூடத்தால் வந்து முதலில் கொடியில் கிடக்கும் அப்பாவின் சேட்டை மணந்து பார்ப்பேன், பிறகுதான் சப்பாத்துக் கழற்றுவேன். ஏழு மாதத்தில் மறந்திருந்த பழக்கம். சேட்டில் டீசல் மணம் மட்டும்தான். ஆனால் அம்மா முகத்தைப் பார்க்க ஏலாமல் இருந்தது.

நேற்றுச் சனிக்கிழமை. நாலு மணிக்கும் அப்பா திறப்பைத் தொடவில்லை.

"குடிச்சவன் போய் எப்பிடித் திறக்கிறது?"

"வெளியில மழை, அப்பா. அவையள் நனைஞ்சுகொண்டு நிப்பினம்," என்றேன்.

நாங்கள் போகும்போது நான்கு பேர் கூரை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அப்பா திறந்தார். உங்கள் கதிரைப் பக்கம் போகவில்லை. நேரே மூலைக்குப் போய்க் கேத்திலை எடுத்துத் தண்ணீர் நிரப்பினார். ஆகக் கடைசியாகச் சேர்ந்து மூன்று கிழமையாகத் தேத்தண்ணி ஊற்றிவந்தவர் எழும்பப் பார்த்து, விளங்கி, திரும்ப இருந்தார். பின்னாலிருந்து யாரோ, "உன்ர தேத்தண்ணி எண்டாச் சீனிப்பாணிதான். சீனியைக் குறைச்சுப் போடடாப்பா," என்றார்.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். ஜன்னலிலிருந்து தள்ளி, மழைச்சாரல் படுகிற பக்கத்தில் இருந்தேன்.

முடிந்ததும் அப்பா கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்தார். சின்னக் கதிரைகளை நிரையாக வைத்தார். "அம்மாட்ட நானே சொல்லுறன்," என்றார். இன்று பின்னேரம் வரைக்கும் சொல்லவில்லை. இன்றும் சேட்டை மணந்துதான் பார்த்தேன். இனியும் பார்ப்பேன் என்று நினைக்கிறேன். உங்கள் கதிரையில் மட்டும் நேற்று ஒருவரும் இருக்கவில்லை. அதையும் நிரையில் வைத்துவிட்டுத்தான் அப்பா லைற்றுகளை அணைத்தார்.