பீலியில் வந்த பச்சைத் தண்ணீர்

ஹல்துமுல்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

துஷாந்தினி எழுதுகிறேன். நான் சுகம், என் சளி என்னைவிடச் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

மண்ணுக்குள் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதுதானே எங்கள் குழுவின் வேலை. திங்கட்கிழமை இங்கே தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் கக்கூஸ் குழியில் ஆபத்தில்லாத பச்சைச் சாயம் ஊற்றினோம். கீழே குடிதண்ணீர் பிடிக்கும் ஊற்றுப் பீலிக்கு அது வருமா என்று பார்க்கத்தான். "அம்புட்டு மண்ணும் வடிகட்டிரும்" என்றார், நான் தங்கியிருக்கும் வீட்டு றோசாலி அக்கா. நானும் தலையாட்டினேன்.

மறுநாள் காலையிலேயே பீலி பச்சையாகக் கொட்டியது.

"ஏன்டி, இதுவும் ஒன் சேட்டையா?"

"ஆமாங்கக்கா, இந்தச் சேட்டைக்கு மட்டும் சம்பளம் குடுக்குறாங்க."

அக்கா சிரிக்கவில்லை. "இத்தன வருசமா இதையா குடிச்சோம்?" என்று குடத்தைக் கவிழ்த்தார்.

செத்துப்போன தேயிலை வேர்கள் மண்ணில் குழாய் மாதிரி வழி விட்டிருக்கின்றனவாம், தண்ணீர் வடிகட்டப்படாமலே அதில் ஓடி வந்துவிடுகிறதாம். தோண்டிப் பார்க்க எனக்குக் கை துறுதுறுக்கிறது.

அம்மா, நம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பீலிக்கு மேலேயும் கக்கூஸ்தானே? தம்பிக்கு வயிற்றால் போகும்போதெல்லாம் நான் கொடுத்த மாங்காய்மேல் பழி போட்டீர்கள். இனிக் கொதிக்கவைத்தே குடியுங்கள். ஒரு போத்தல் பீலித் தண்ணீர் அனுப்புங்கள், சோதிக்கிறேன். கொண்டுவர ஆள் இல்லாவிட்டால் நீங்களே வாருங்கள்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது.

உங்கள் மகள்
துஷாந்தினி