பேர் வாசித்த காலை

மண்டபம் முகாம்
12.2.1969

அய்யாவுக்கு நாகவள்ளி வணங்கி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? கண்மாயில் இன்னும் தண்ணீர் கிடக்கிறதா?

பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு மாத உதவிக்கு வந்திருக்கிறேன் அல்லவா, இங்கே படிப்பது எல்லாம் இலங்கையிலிருந்து கப்பலில் வந்திறங்கிய பிள்ளைகள். பாதிப் பேருக்குச் சிங்கள எழுத்துதான் தெரியும். நான் பலகையில் தமிழில் எழுத, முகாமில் இருக்கும் குசுமா அக்கா பக்கத்திலேயே சிங்களத்தில் எழுதுவார்.

நேற்றுத்தான் முதல் தடவையாகப் பதிவேட்டை விரித்துப் பேர் வாசித்தேன். நான் பேர் வாசித்த பிள்ளை “உள்ளேன்” சொல்லவில்லை. சிலேட்டை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றது. அடுத்ததும் அப்படியே. நான் குசுமா அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

“பேரு வாசிச்சா கப்பல்ல ஏத்தத்தான்னு நெனைக்குதுங்க. அங்க அப்படித்தானே கூப்பிட்டாங்க” என்றார் அக்கா.

கமலா என்ற பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. “தங்கச்சி பேரு வரலியே டீச்சர். அவ இல்லாம நான் போக மாட்டேன்” என்றாள்.

கையெழுத்து கோணலாக இருப்பது கடல் காற்றால்தான், வேறொன்றுமில்லை. இனி பேர் வாசிக்காமல் தலையை எண்ணிக்கொள்வேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். கடிதத்தில் என் பேரைப் போட்டு எழுதுங்கள், இங்கே எல்லாருக்கும் நான் டீச்சர்தான்.

மணி அடித்துவிட்டது. கமலாவின் தங்கச்சிக்கு மூன்று வயது. அவள் பேரையும் பதிவேட்டில் எழுதிவிட்டேன். ஹெட்மாஸ்டர் கேட்டால் என்ன சொல்லட்டும் அய்யா?

நாகவள்ளி