மின்விசிறி திருத்தப் போனவன்

அன்பின் ஜெயரூபி,

நீரும் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். வவுனியாவில் எனக்கும் குறையில்லை.

குடியை விடுகிறவர்களின் கூட்டமொன்றைத் தேடிப் பிடித்துப் போனேன். அங்கே பெயர், ஊர் கேட்கமாட்டார்களாம். ஆனால் பக்கத்துக் கதிரையில் இருந்தவர், பழக்கதோஷத்தில், "தம்பி எவ்விடம்? ஐயா ஆர்?" என்றார். என் வாயும் சும்மா இருக்கவில்லை.

"துணுக்காய். வீரகத்தியின்ர மகன்."

"அட, கொப்பரும் நானும் ஒண்டாப் படிச்சனாங்கள்!"

மின்விசிறி திருத்த வந்ததாகச் சொல்லி எழும்பி வந்துவிட்டேன். இனி அங்கே போக முகமில்லை. வேறு கூட்டமும் இல்லை.

ஐயா கேட்டால் நீரும் அப்படியே சொல்லும். பிள்ளை கீறின படம் ஒன்று அனுப்பும்.

எழுத்துக் கோணலாயிருப்பது குடித்ததால் அல்ல. காலையிலிருந்து குடிக்காததால்தான் கை நடுங்குகிறது. அதை நிறுத்த எனக்கு ஒரு வழிதான் தெரியும். அவசரமாக முடிக்கிறேன், சாராயக்கடை திறக்கிற நேரம்.

உமது,
தயாபரன்