படிக்கட்டு இல்லாத வீடு

மகளுக்கு,

இடுப்பெலும்பு முறிந்ததை அத்தை உனக்குச் சொல்லியிருப்பாள். நான் சொல்லச் சொல்லவில்லை.

கிள்ளானில் அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே நடைப் பயிற்சி கொடுக்கும் ஒரு பிசியோ வந்து என்னை எழுப்பி நிறுத்தினான். மயங்காமல் நிற்கிறேனா என்பது மட்டும்தான் அவனுக்கு வேண்டும். இப்போது கோலாலம்பூரில் மறுவாழ்வுப் பிரிவில் இருக்கிறேன். இங்கே பிசியோ மிஷெல் என் காலைப் பார்க்கும் முன்பே வீட்டைப் பற்றிக் கேட்டாள்.

"வீட்டுக்கு ஏத்த மாதிரிதான் பயிற்சி, அங்கிள். படி இருக்கா? வீட்ல யாரு இருக்கா?"

"தரை வீடுதான். மகளும் மருமகனும் கூட இருக்காங்க," என்றேன்.

நம் பிரிக்பீல்ட்ஸ் வீடு மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் இருவரையும் அதற்குள் நான் விட்டதில்லை. இதையெல்லாம் ஒரு சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

நேற்று மற்றவர்கள் படி ஏறிப் பழகினார்கள். நானும் எழுந்தேன்.

"அங்கிளுக்கு எதுக்கு லா, தரை வீடுதானே," என்று மிஷெல் உட்கார வைத்துவிட்டாள்.

"கொடுத்து வச்ச மனுஷன்," என்றார் பக்கத்துக் கட்டில்காரர். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அன்று காலை பத்து மணிக்கு, என்னை எப்படிப் பிடிப்பது என்று மகளுக்குக் காட்ட வேண்டுமாம். வருவாள் என்று சொல்லிவிட்டேன்.

உன் கல்யாணத்தைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை. ஆனால் அந்தப் பெண்ணைக் காக்க வைக்காதே. படிக்கட்டு இருப்பதை நீயே அவளிடம் சொல்லிவிடு, எனக்கு வாய் எழவில்லை. பிடிக்க இருவர் இருந்தால் நல்லது என்கிறாள். அவரையும் அழைத்து வா.

அப்பா