சிக்கரி கலக்காத ஒரு டம்ளர்

மார்கழி, வியாழக்கிழமை. கும்பகோணம்.

எங்கள் கடைத் தூளில் சிக்கரி கலக்கிறோம் என்பதை இன்று நேரில் பார்த்தபோது, எங்களுக்குக் காப்பிப் பழம் தரும் முருகாயி அக்காவிடம் சொல்லவில்லை.

அப்பாவின் காப்பித்தூள் கடைக்குக் கொட்டை வரும் மலையில்தான் காலையில் இருந்தேன். சிறு விவசாயிகள் பழம் கொண்டுவந்து கழுவும் இடம் அது. அக்கா தன் மூட்டையைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினார். மூழ்கிய பழம் எங்களுக்கு. மிதந்ததை மட்டும் கூடையில் அரித்து எடுத்துக்கொண்டார்.

"வீட்டுக்கு இதுதான் பாப்பா. நல்லதை நாமளே குடிச்சுட்டா விக்கிறது எதை?" என்று சிரித்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "முங்குனது குடிக்க எப்படி இருக்கும்?"

"ரொம்ப நல்லா இருக்கும்க்கா" என்றேன். சிக்கரி இல்லாமல் அதை நானும் குடித்ததில்லை.

கிளம்பும்போது, முன்பே தோல் நீக்கிக் காயவைத்திருந்த, மூழ்கிய பழத்துக் கொட்டையை இரண்டு கை அள்ளி என் துப்பட்டாவில் முடிந்துவிட்டார். பேருந்தில் ஏழு மணி நேரமும் அது மடியிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வாணலியில் வறுத்து, கொஞ்சத்தை அரைத்து, எதுவும் கலக்காமல் டிகாக்ஷன் இறக்கினேன். "என்னம்மா, கெட்டியாவே இல்லையே, சிக்கரி போடலையா?" என்றார் அப்பா. ஆனால் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

அக்காவுக்குப் போன் செய்து காப்பி போட்டதைச் சொன்னேன். சிக்கரி கலப்பதையும் சொல்லிவிட்டேன். அக்கா, "அப்பா முழுசாக் குடிச்சாரா?" என்று கேட்டார்.

குடித்தார். அப்பா, மீதிக் கொட்டையை அரைத்து அக்காவுக்கே அனுப்பச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.