கருப்பி சுவர் தாண்டிப் போட்ட முட்டைகள்

திருமங்கலம்,
ரம்ஜானுக்கு மறுநாள்.

அன்பு மகன் மெர்வினுக்கு அம்மா எழுதுவது. இறைவன் அருளால் இங்கே எல்லாரும் சுகம், கோழிகள் உட்பட. கனடாக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று மாதாவிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று பாதியில் வைத்துவிடுவாய், இது பாதியில் வைக்கிற சேதி இல்லையடா.

அப்பா வாடிப்பட்டியிலிருந்து வாங்கி வந்த கோழிகள் சாம்பல் புதன் அன்றிலிருந்து போட்டி போட்டு முட்டையிடுகின்றன. தவக்காலத்தில் நம் வீட்டில் கறி, மீன், முட்டை கிடையாது என்பது உனக்குத் தெரியும், கோழிகளுக்குத் தெரியவில்லையே. பங்குச் சாமியாருக்குக் கொடுக்கலாம் என்றால் அவருக்கும் தவக்காலம், கன்னியர் மடத்திலும் அப்படியே. பிரிட்ஜில் தண்ணீர் பாட்டில் வைக்க இடமில்லை. இதில் கருப்பி என்கிற கோழி மட்டும் நம் வீட்டில் போடாமல் சுவர் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டு நாகூர் கனி மாமாவின் தேங்காய் மட்டைக் குவியலில் போட்டுவிட்டு வரும். மறுபடி சண்டைதான் என்று நினைத்தேன். போன வருஷம் நம் கோழி ஒன்று அவர் கொத்தமல்லிப் பாத்தியைக் கிளறியதற்குத்தானே உன் அப்பாவும் அவரும் பேச்சை நிறுத்தினார்கள், அன்றிலிருந்து உன் அப்பா சாயங்காலம் டீ குடிக்கக்கூடத் தனியாகத்தான் போய் வந்தார், பார்க்கவே எனக்குப் பாவமாக இருக்கும்.

கனி மாமா, நோன்பு நேரத்தில் அடுத்தவர் பொருள் எனக்கு எதற்கு என்று முட்டைகளைச் சபுரா அத்தையிடம் கொடுத்து அனுப்பினார். உன் அப்பாவோ அவர் இடத்தில் விழுந்தது அவருக்குத்தான் என்று திருப்பி அனுப்பினார். ஆளுக்கொரு வீம்பு. நானும் சபுராவும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முட்டைப் பேசினை மாற்றி மாற்றிக் கொடுத்துச் சிரித்துச் சிரித்துச் சலித்துவிட்டோம், வெயிலில் முட்டை கெட்டுவிடுமே என்ற கவலை வேறு. பெருநாளுக்கு முந்தின நாள் அவள்தான் சொன்னாள், "ரெண்டு வீட்டு முட்டையவும் ஒரே சட்டியில ஒடைச்சு வட்டலப்பம் வச்சிருவோம்க்கா. பெறகு யாரு பிரிச்சுத் திருப்பி அனுப்புறாகன்னு பாப்போம்." நான் உடைத்து ஊற்ற ஊற்ற அவள் அடித்தாள், தேங்காய்ப்பால், சர்க்கரை, ஏலக்காய் எல்லாம் சேர்த்து ஆவியில் வேகவைத்தாள், தெருவே மணத்தது.

நேற்றுக் காலையில் வாசலில் யார் நின்றது தெரியுமா, கனி மாமாவேதான், புதுச்சட்டை, கையில் தூக்குச்சட்டி. அப்பா எழுந்து நின்றார். வாங்கக் கை நீட்டவில்லை, தவக்காலம், முட்டை தொடமாட்டேன் என்றார். எனக்கு உயிரே போய்விட்டது, எல்லாம் பாழாய்ப் போச்சு என்று நினைத்தேன். கனி மாமா கோபப்படவே இல்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மாசம் பூரா பசியில கெடந்தவனுக்கு ஒன் நோன்பு தெரியாதா மாப்ள? இத தெருப் பிள்ளைகளுக்குக் குடுப்போம். ஈஸ்டருக்கு மறுபடி வைக்கச் சொல்றேன், அன்னைக்கு ஒங்கூட உக்காந்து நானும் சாப்புடுறேன்." பழையபடி மாப்ள என்று கேட்டதும் உன் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீ குடிக்கப் போனார்கள், ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகிற வரை திரும்பி வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. முக்கியமாக ஒன்று, அப்பாக்கள் சண்டையில் நீயும் ஆசிப்பும் பேசாமல் விட்டீர்களே, இதைப் படித்து முடித்ததும் முதல் போன் அவனுக்குப் போடு, எனக்கு அப்புறம் பேசலாம். இதை எழுதும்போது கொல்லையில் தட்டுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் சுவரில் மேல்வரிசைச் செங்கலைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள், கருப்பி தாண்டச் சிரமப்படுகிறதாம்.

மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா ஞானம்