கிரேன்காரியின் தாடை

மார்ச் 4

கடைவாய்ப் பல் உடைந்துவிட்டது. கல்லைக் கடிக்கவில்லை, எலும்பைக் கடிக்கவில்லை. காபியில் தோய்த்த ரொட்டி! படக்கென்று ஒரு சத்தம், வாயில் பாதிப் பல்.

"தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?" என்றார் பல் டாக்டர்.

"தூங்கினாத்தானே கடிக்கிறதுக்கு" என்றேன்.

"கடிப்பா டாக்டர். நறநறன்னு. பக்கத்துல படுக்கிறவனைக் கேளுங்க" என்று வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். ஊருக்கெல்லாம் நீச்சல் சொல்லிக் கொடுக்கிற மனுஷர், வாயைக் கொஞ்சம் கட்டி வைத்தால் என்ன?

கோளாறு பல்லில் இல்லையாம். பெரிய டாக்டரிடம் பிரஷர் பார்க்கச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன். இந்த மாதக் கடைசியில் கம்பெனியில் உடல் பரிசோதனை. பிரஷர் கூடுதல் என்றால் கிரேன் கேபினில் ஏற விடமாட்டார்கள். சும்மா கிடந்த சங்கை நானே ஏன் ஊதிக் கெடுக்க வேண்டும்?

மார்ச் 9

கேபினில் உட்கார்ந்தால் ஊரே கீழே. ஆனால் கட்டடத்தின் பின்பக்கம் மட்டும் எனக்குத் தெரியாது. சரக்கு சுவருக்குப் பின்னால் போய்விட்டால் என் கண் வாயாடிதான். கீழே வயர்லெஸ்ஸோடு நிற்பவன், வாய் ஓயாததால் எங்களுக்கு அவன் வாயாடி. சரக்கு நகர்கிற வரை அவன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் — "இறக்கு, இறக்கு, இறக்கு". பேச்சு நின்றால் என் கை நிற்க வேண்டும். ஏன் நின்றது என்று யோசிக்கக் கூடாது. தும்மியிருக்கலாம், விழுந்திருக்கலாம். வாய் நின்றால் கை நிற்கணும், அவ்வளவுதான். இந்த வேலையில் இதற்கு மேல் சட்டம் கிடையாது.

கட்டிய புருஷன் குரலைவிட அவன் குரலைத்தான் அதிகம் கேட்டிருப்பேன். இப்போதெல்லாம் பாத்திரம் கழுவும்போதும் கேட்கிறது. "இறக்கு, இறக்கு." குழாயை மூடினால் நின்றுவிடுகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். இல்லை, சிரிக்காமல் இருந்தால்தான் பயம்.

மார்ச் 15

வயிறு எரிகிறது. முழங்கையில் செதில் செதிலாகத் தடிப்பு. சீப்பில் கொத்தாக முடி. தாடை காலையிலேயே கல்லாக இறுகிப்போய் இருக்கிறது, வாயைத் திறக்கவே மெனக்கெட வேண்டியிருக்கிறது.

"இன்னும் ரெண்டே லிஃப்ட்டு மேடம், அப்புறம் நீங்க கிளம்பலாம்" என்று இன்ஜினியர் தினமும் சொல்கிறார். அந்த ரெண்டு தடவை சரக்குத் தூக்குவது முடிவதே இல்லை. எண்ணத் தெரியாதது அவருக்கா, எனக்கா?

சாயங்காலம் மகளிடம் காட்டுக் கத்தல். "கதவைத்தானேம்மா சாத்தினேன்?" என்றாள். பிறகு எழுந்து போய் அதே கதவை மறுபடி திறந்து, சத்தமே வராமல் சாத்தினாள். என் கன்னத்திலேயே ரெண்டு அறையலாம் போலிருந்தது.

மார்ச் 16

வயிறு. மறுபடியும்.

மார்ச் 28

பரிசோதனை முடிந்தது. காலையிலிருந்து காபியைத் தொடவில்லை, முன்கூட்டியே போய் நிழலில் உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். நர்ஸ் கேட்டாள்: தூக்கம் வருதா? தலைவலி உண்டா? காதுல ஏதாவது சத்தம்? எல்லாவற்றுக்கும் ஒரே பதில், பிரமாதம். "பிரஷர் கொஞ்சம் கூடத்தான் இருக்கு, பாத்துக்கோங்க" என்று விட்டுவிட்டாள். கேபின் சீட்டு தப்பியது. கெட்டிக்காரிதான் நான்.

ஏப்ரல் 2

எழுத்து எனக்கே புரியவில்லை.

கம்பிக் கட்டு. சுவருக்குப் பின்பக்கம். இறக்கிக்கொண்டிருந்தேன். வாயாடியின் கால் பலகை இடுக்கில் மாட்டியிருக்கிறது. குனிந்து இழுத்திருக்கிறான், பேச்சை நிறுத்தியிருக்கிறான். நான் நிறுத்திவிடுவேன் என்ற நம்பிக்கையில்.

நான் நிறுத்தவில்லை. எனக்குத்தான் கேட்டுக்கொண்டிருந்ததே! அவன் குரல், அச்சு அசலாக. இறக்கு, இறக்கு.

அப்புறம் நிஜக் குரல். "அக்கா! ஐயோ நிறுத்துக்கா!"

ஷூவை விட்டுவிட்டுக் காலை உருவிப் பாய்ந்திருக்கிறான். கட்டு அந்த ஷூவின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஷூவின் மேல் மட்டும்.

இறங்கி ஓடினேன். ஒற்றைக் காலில் சாக்ஸோடு நின்றான். திட்டவில்லை. "வயர்லெஸ் கோளாறா அக்கா?" என்றான்.

"பேட்டரியா இருக்கும்டா."

கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தான். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டான்.

ஏப்ரல் 3

காலையில் ஏணியடியில் வழியை மறித்து நின்றான்.

"நீங்க சொல்றீங்களா அக்கா, நான் சொல்லட்டுமா?"

"போட்டுக் குடுக்கப் போறியா?"

"எனக்கு வீட்டுல ரெண்டு குழந்தைங்க. நான் வாயை மூடினா நீங்க நிறுத்துவீங்கன்னு நம்பித்தான் அந்தக் கட்டுக்குக் கீழ நிக்கிறேன். வேற எதை நம்பி நிக்கிறது?"

நேராக இன்ஜினியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இல்லாத குரலையும். அவர் முகம் வெளுத்தது. "சரி மேடம்... இன்னிக்கு மட்டும் ரெண்டு லிஃப்ட்டு..." என்று இழுத்தார். அடப்பாவி மனுஷா! சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 6

கடைசியில் பெரிய டாக்டரிடம் போனேன். காது நன்றாக இருக்கிறதாம். மூளையும். பிரஷர்தான் எகிறிக் கிடக்கிறது.

டாக்டரம்மா சொன்னார்: "உடம்புக்குப் புலி எது, வேலை எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாதும்மா. ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் ஓடத் தயாராகும். நெஞ்சு அடிக்கும், தசை இறுகும், ஜீரணம் நிக்கும். புலி போனா அடங்கிடும். உங்களுக்குப் புலி போறதே இல்ல. தூக்கமும் இல்லாததால, தினமும் கேக்கிற குரலை மூளை தானாவே சொல்லிக்குது."

மூன்று மாதம் கேபின் பக்கமே போகக் கூடாது. மாத்திரை, நேரத்துக்குப் படுக்கை, நடை, காபி காலையில் மட்டும்.

"என் சீட்டு?"

"சீட்டு இருக்கும். உக்கார நீங்க இருக்கணும்ல?"

வேறொரு சைட்டிலிருந்து ஓட்டுநர் வந்தாயிற்றாம். என் நாற்காலியின் உயரத்தை மாற்றியிருப்பான்.

ஏப்ரல் 14

ஓய்வு எடுப்பது இவ்வளவு கஷ்டமான வேலையா? அலமாரியைத் துடைத்தேன், மறுபடி துடைத்தேன். பிரஷர் மெஷினைக் கையில் கட்டிக்கொண்டே திரிகிறேன். பார்க்கப் பார்க்க ஏறுகிறது. வீட்டுக்காரர் பிடுங்கி ஒளித்துவைத்தார். தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தேன், இன்னும் ஏறியிருந்தது. தேடின படபடப்பாக இருக்கும்.

ஏப்ரல் 25

வீட்டுக்காரர் நீச்சல் குளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். மிதக்கணுமாம். அத்தனை உயரத்தில் பயமில்லாமல் உட்காருகிறவளுக்கு இடுப்பளவுத் தண்ணீரில் உயிர் போகிறது.

"தலையைத் தண்ணிகிட்ட குடு. கழுத்தை விடு. விடுன்னா விடணும்."

விட்டுத்தான் இருந்தேன் என்று நினைத்தேன். மூழ்கினேன்.

"எத்தனையோ பேரை மிதக்க வச்சிருக்கேன். என் பொண்டாட்டி மட்டும் அம்மிக்கல்லு" என்றார். குளமே சிரித்தது.

மே 7

மூச்சை மெதுவாக, நீளமாக விடச் சொன்னார்கள். விடுகிறேன். நடக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் வெறும் பேச்சு. எனக்கு வேலை வேண்டும், கிரேன் வேண்டும், இந்த வீட்டுச் சுவரைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்குது.

மே 20

மிதந்தேன். கொஞ்ச நேரம்தான். காதுக்குள் தண்ணீர், வேறு சத்தமே இல்லை. தாடை தானாகத் தொங்கியது. ஏனென்றே தெரியாமல் அழுகை வந்தது. வீட்டுக்காரர் பார்த்தார், ஆனால் கிண்டல் செய்யவில்லை. பிடித்திருந்த கையை எப்போது எடுத்தார் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஜூன் 8

வாயாடி வீட்டுக்கு வந்தான்.

"புது ஆளு எப்படிடா?"

"நல்லாத்தான் ஓட்டுறாரு."

குத்தியது. இல்லையென்று எழுதினால் பொய்.

"ஆனா ஜோக் சொன்னா சிரிக்கவே மாட்டேங்கறாருக்கா."

"பேட்டரின்னு சொன்னேனேடா அன்னிக்கு..."

"அதை விடுங்க. ஷூ எப்ப வாங்கித் தர்றீங்க?"

சாயங்காலமே கடைக்கு இழுத்துப் போனேன். இருப்பதிலேயே விலை கூடியதாகப் பார்த்து எடுத்தான், பாவி.

ஜூன் 30

தடிப்பு போய்விட்டது. வயிறு அடங்கிவிட்டது. மகள் கதவைச் சாதாரணமாகச் சாத்துகிறாள். தூக்கம்தான் இன்னும் அரையும் குறையும். அடுத்த வாரம் டாக்டரம்மா பார்த்துவிட்டு அனுப்பினால் மறுநாளே மேலே. மேல்தளம் இன்னும் பாக்கி இருக்கிறது. கடைசிச் சரக்கை நான்தான் ஏற்றணும்.

ஜூலை 5

பாத்திரம் கழுவும்போது கேட்டது. ஒரே ஒரு தடவை. "இறக்கு."

பக்கத்து வீட்டு டிவியாகக்கூட இருக்கலாம். இதையெல்லாம் போய் யாராவது சொல்வார்களா? நாளைக்குத்தான் டாக்டர்.

ஜூலை 6

பிரஷர் சரியாக இருந்தது. டாக்டரம்மா பேனாவை எடுத்துவிட்டார். எழுதுவதற்கு முன், "காதுல குரல்?" என்றார்.

கட்டுக்குக் கீழே நிற்கிறவன் எதை நம்பி நிற்பான்?

"நேத்து ஒரு தடவை கேட்டுச்சு டாக்டர்."

பேனாவை மூடினார். இன்னும் ஒன்றரை மாதம். அதற்குள் மேல்தளம் முடிந்து கிரேனையே கழற்றிவிடுவார்கள். அந்தச் சீட்டு இனி இல்லை. வெளியே வந்து வாயாடிக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அவனிடம்! "அடுத்த கட்டடத்துல பாப்போம்க்கா. நான் வேற ஆளோட நிக்க மாட்டேன்" என்றான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இப்போது ஆத்திரம் வரும், வயிறு எரியும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, இது கடைசி ஸ்டாப்பு. எங்க போகணும்?" கண்டக்டர் தோளைத் தட்டினார். பஸ்ஸில் யாருமில்லை. போன் அடித்துக்கொண்டிருந்தது.

"எங்க இருக்க நீ? எத்தனை தடவை போன் போடுறது?" என்றார் வீட்டுக்காரர்.

"தெரியலைங்க. தூங்கிட்டேன்."

"தூங்கினியா? பகல்லயா? பஸ்லயா?"

பிறகு போனைக்கூட மூடாமல் உள்ளே திரும்பிக் கத்தினார்: "அடியே, உங்கம்மா தூங்கிட்டாளாம்டி!"